ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்க முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சேலத்தில் வீட்டிலிருந்தபடியே சேலை, குர்தி விற்கத் தொடங்கப் போகிறீர்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக. சூரத்தில் பேசி வைத்திருக்கும் மொத்த வியாபாரி, ஜிஎஸ்டி நம்பர் இருந்தால்தான் பில் போடுவேன் என்கிறார். நம்பரை எப்படி வாங்குவது, எவ்வளவு செலவாகும், வாங்கினால் வருமான வரித் தொல்லை வருமா, அதுவரை அக்கா கணவரின் நம்பரைக் கொடுத்துச் சரக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்த நம்பர் உங்களுக்குத் தேவையா என்பதைப் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் மற்றதற்குப் பதில் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

நான் ஜிஎஸ்டி பிராக்டிஷனர். வாட் வரி இருந்த காலத்திலிருந்தே ஜவுளிக் கடைகளுக்கும் சில்லறை வியாபாரிகளுக்கும் கணக்குப் பார்த்து வருகிறேன். துணி வியாபாரம் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். உணவுப்பொருள், மருந்து, அழகு சாதனம் என்று போனால் வேறு லைசென்ஸ்களும் சேர்ந்துகொள்ளும். அங்கே எனக்குப் பழக்கம் குறைவு.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். சரக்கு வாங்குவதற்கு ஜிஎஸ்டி நம்பர் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் ஜிஎஸ்டி சட்டம் பதிவைக் கட்டாயமாக்குவது பெரும்பாலும் விற்பவரைப் பார்த்துத்தான். எவ்வளவு விற்கிறீர்கள், எங்கே விற்கிறீர்கள், எதன் வழியாக விற்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் நம்பர் தேவையா இல்லையா என்று முடிவாகிறது. சூரத்திலிருந்து 3 லட்சம் ரூபாய்க்கு மொத்தமாகச் சேலை எடுத்தாலும், வாங்கினீர்கள் என்பதற்காக மட்டும் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் உங்களுக்கு பதிவு பெறாத வாடிக்கையாளர் என்று பில் போட்டு, வரியை உங்களிடம் வசூலித்து, அவர் கணக்கில் காட்டிக் கட்டிவிடுவார். பில் தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ போனால் உங்கள் பெயர், முகவரி, மாநிலம் பில்லில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் அவர் ஏன் அடம் பிடிக்கிறார்? காரணங்கள் பல. சில இடங்களில் நம்பர் கேட்பது ஒரு வடிகட்டி. கல்யாணத்துக்கு நாலு சேலை எடுக்க வருபவரையும் கடைக்குச் சரக்கு எடுக்க வருபவரையும் பிரித்துப் பார்க்க அவர்களிடம் இருக்கும் சுலபமான வழி அதுதான். சில இடங்களில் கணக்குப்பிள்ளையின் சௌகரியம். எல்லா பில்லும் ஒரே மாதிரி இருந்தால் அவருக்கு வேலை மிச்சம். லாரி புக்கிங் ஆபீஸில் பார்சல் ரசீது போடும்போது நம்பர் கேட்பார்கள் என்பதும் ஒரு காரணம். வெளிநாட்டு முதலீட்டோடு நடக்கும் பெரிய கேஷ் அண்ட் கேரி கடைகளின் கதை வேறு. மொத்த விற்பனை என்றால் யாருக்கு விற்கலாம் என்று அந்நிய முதலீட்டுக் கொள்கையிலேயே வரையறை இருப்பதால், வியாபாரி என்பதற்கு ஏதாவது ஆதாரத்தை அவர்கள் கேட்டே ஆக வேண்டும். அங்கேயும் வரிப் பதிவு ஒன்றுதான் ஆதாரம் என்பதில்லை. கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி பெற்ற பதிவு, உள்ளாட்சி அமைப்பு தந்த வணிக உரிமம் போன்றவையும் அந்த வரையறைக்குள் வரும். கடைக்காரர் ஏற்றுக்கொள்கிறாரா என்பது அவர் விருப்பம்.

ஆகவே சூரத்காரரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “பதிவு பெறாதவர் என்று போட்டு, என் பான் நம்பரையும் முகவரியையும் வைத்து பில் கொடுக்க முடியுமா?” சரக்கு வண்டியில் வரும்போது கூட இருக்க வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில்லிலும் இதற்கு வழி இருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து வரும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். வாங்குபவருக்கு நம்பர் இல்லை என்றால் அந்த இடத்தில் ‘யுஆர்பி’ (பதிவு பெறாதவர்) என்று போட்டு அவரே எடுத்துக் கொடுக்கலாம். இதையெல்லாம் சொன்ன பிறகும் முடியாது என்றால் அது அவர் கடை வழக்கம், வற்புறுத்த முடியாது. இன்னொருவரைத் தேடலாம். தொடக்கத்தில் சரக்குக் கொஞ்சம்தான் என்றால் இளம்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறது; ஈரோடு ஜவுளிச் சந்தை, குர்திக்குப் பின்னலாடை வேண்டுமென்றால் திருப்பூர் காதர்பேட்டை, சென்னை போனால் சவுகார்பேட்டை கோடவுன் தெரு என்று நம் ஊர்ப் பக்கமே நம்பர் கேட்காமல் பில் போட்டுத் தரும் கடைகள் உண்டு. ஒன்றில் மட்டும் கவனம்: “பில் வேண்டாமென்றால் வரியைக் குறைத்துத் தருகிறேன்” என்பவரிடம் போகாதீர்கள். பில் இல்லாத சரக்கு வழியில் பிடிபட்டால், சரக்குக்கு உரியவர் முன்வந்து விடுவித்தாலும் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். 5 சதவீத வரி உள்ள துணிக்கு அது சரக்கு மதிப்பில் 10 சதவீதம். மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு பங்கு போய்விடும்.

இனி விற்பனைப் பக்கம். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் இதுதான் வரம்பு. சேவை என்றால் 20 லட்சம். (புதுச்சேரியில் பொருளுக்கும் 20 லட்சம்தான், அங்கே இருந்து இதைப் படிப்பவர்கள் கவனிக்கவும்.) விற்றுமுதல் என்பது லாபம் இல்லை, நீங்கள் விற்ற மொத்தத் தொகை. உங்கள் பான் நம்பரில் நடக்கும் எல்லாத் தொழிலையும், வரிவிலக்கு உள்ள பொருளின் விற்பனையையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வீட்டுப் பால் வியாபாரத்தையும் உங்கள் பெயரிலேயே நடத்தினால் அதுவும் சேரும். வரம்பைத் தாண்டினால் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதைப் படித்ததும் 40 லட்சம் எங்கே, நான் எங்கே என்று தோன்றும். அங்கேதான் பலர் சிக்குகிறார்கள். வரிக்குட்பட்ட பொருளைத் தமிழ்நாட்டுக்கு வெளியே அனுப்பி விற்றால் இந்த 40 லட்ச வரம்பு உங்களுக்குக் கிடையாது. கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, சூரத் சேலை அதில் வராது. இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, பெங்களூரிலிருந்து ஒருவர் ஜிபே செய்து, நீங்கள் 900 ரூபாய்ச் சேலை ஒன்றை கூரியரில் அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அது வெளிமாநில விற்பனை. முதல் சேலையிலிருந்தே பதிவு கட்டாயம். எத்தனையோ பேர் பதிவு இல்லாமலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சட்டம் என்ன என்றுதான் சொல்கிறேன். பதிவு செய்ய வேண்டியவர் செய்யாமல் விட்டால் 10,000 ரூபாய் அல்லது கட்டாமல் விட்ட வரி, எது அதிகமோ அது அபராதம்; வரியும் வட்டியும் தனி. பெங்களூரில் இருப்பவர் பணம் கட்டி, சேலையைச் சேலத்தில் உள்ள அவர் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னால்? அது உள்மாநில விற்பனைதான். பதிவு பெறாத வாடிக்கையாளர் என்றால் சரக்கு போய்ச் சேரும் முகவரியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2024-இல் மத்திய மறைமுக வரி வாரியம் தெளிவுபடுத்திவிட்டது. பில்லிலும் சேலம் முகவரியையே எழுதுங்கள்.

மீஷோ போன்ற தளங்களில் போட்டு விற்பது இன்னொரு வகை. முன்பு தளம் வழியாக விற்றாலே பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் அதைத் தளர்த்திவிட்டார்கள்: விற்றுமுதல் வரம்புக்குள் இருந்து, ஒரே மாநிலத்திலிருந்து, அந்த மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்பவர் ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல், பான் நம்பரைச் சரிபார்த்து ஒரு என்ரோல்மென்ட் நம்பர் மட்டும் எடுத்துக்கொண்டு விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் வசதியைத் திறந்தால் பழையபடி பதிவு கட்டாயம்.

ஆக, உங்கள் வாடிக்கையாளர் எல்லாம் தமிழ்நாட்டுக்குள் என்றால் நம்பர் எடுப்பது உங்கள் விருப்பம். கட்டாயம் இல்லாதவரும் தாமாக முன்வந்து பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்படி எடுத்தால் லாபமா நஷ்டமா என்பதை ஒரு சேலையை வைத்துப் பார்த்துவிடலாம். சூரத் விலை 600, அதற்கு 5 சதவீதம் வரி 30, மொத்தம் 630 கொடுத்து வாங்குகிறீர்கள். வாடிக்கையாளரிடம் எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். நம்பர் இல்லை என்றால் 370 ரூபாய் நிற்கும். நம்பர் இருந்தால் அந்த 1,000 ரூபாய்க்குள்ளேயே வரி 47.62 அடங்கியிருக்கிறது, வாங்கும்போது கொடுத்த 30 ரூபாயை இன்புட் டாக்ஸ் கிரெடிட்டாகக் கழித்து 17.62 கட்டுவீர்கள், கையில் நிற்பது 352.38. சேலைக்குப் பதினேழு பதினெட்டு ரூபாய் வித்தியாசம். நம்பர் எடுத்தால் வரி எல்லாம் திரும்ப வந்துவிடும், சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நேரடியாக வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கு மட்டும் விற்பவருக்கு நம்பரால் வரிச் சேமிப்பு கிடையாது.

ஆனால் நீங்கள் இன்னொரு கடைக்கோ பொட்டிக்குக்கோ மொத்தமாகக் கொடுப்பதாக இருந்தால் கதை மாறும். அவர்கள் பதிவு பெற்றவர்கள் என்றால் உங்களிடமிருந்து வரி பில் எதிர்பார்ப்பார்கள், அவர்களுக்கு அந்த வரி கழியும். நம்பர் இல்லாத உங்களிடம் வாங்கினால் நீங்கள் கொடுத்த 30 ரூபாய் விலையோடு ஒட்டிக்கொண்டு அவர்கள் தலையில் விழும். கடைகளுக்குச் சப்ளை செய்யும் எண்ணம் இருந்தால் யோசிக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள். குர்திக்கு ஒரு குறிப்பு: 2025 செப்டம்பர் 22-இல் வரி விகிதம் மாறியதிலிருந்து ரெடிமேட் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. பார்ட்டிவேர் பக்கம் போனால் விலை நிர்ணயிக்கும்போது இது முக்கியம்.

இதில் நடுவழி ஒன்றும் இருக்கிறது, காம்போசிஷன் திட்டம். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ள வியாபாரிகள் விற்றுமுதலில் 1 சதவீதத்தைத் தம் கையிலிருந்து கட்டிவிட்டுப் போகலாம். மேலே சொன்ன சேலைக்கு 10 ரூபாய், கையில் 360. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎம்பி-08 என்ற படிவம் போட்டு வரி கட்ட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 என்ற ரிட்டன் (கணக்குத் தாக்கல்). இவர்களும் ஜிஎஸ்டி நம்பர் உள்ளவர்கள்தான், சூரத்காரர் தாராளமாக பில் போடுவார், வெளிமாநிலத்திலிருந்து வாங்கவும் தடையில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது, வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்க முடியாது, இன்புட் கிரெடிட் கிடையாது. நம்பர் இருந்தால் போதும், சரக்கு கிடைத்தால் போதும், வாடிக்கையாளர் எல்லாம் சேலம், நாமக்கல், கோயம்புத்தூர் என்று இருப்பவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். கூரியர் கர்நாடகாவுக்குப் போகிறது என்றால் இந்தக் கதவு மூடிவிடும், ரெகுலர் பதிவுதான்.

எப்படி வாங்குவது என்பதற்கு வருகிறேன். அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஜிஎஸ்டி டாட் கவ் டாட் இன் தளத்தில் புதுப் பதிவு என்பதில் போய், பான் நம்பர், அதில் உள்ளபடியே பெயர், மொபைல், இமெயில் கொடுத்தால் ஓடிபி வந்து தற்காலிக எண் ஒன்று கிடைக்கும். 15 நாளுக்குள் அதை வைத்து இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டும்: தொழில் வகை, விற்கும் பொருள்களின் ஹெச்எஸ்என் குறியீடு (பொருள் வகைக்கான எண்), போட்டோ, தொழில் நடக்கும் இடம், அதற்கான ஆதாரம். பிறகு ஆதார் சரிபார்ப்பு. பலருக்கு ஓடிபியோடு முடிந்துவிடும். சிஸ்டம் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு மட்டும் ஜிஎஸ்டி சேவை மையத்துக்கு நேரில் போய் கைரேகை வைக்கச் சொல்லி லிங்க் வரும். கேள்வி எதுவும் எழவில்லை என்றால் 7 வேலை நாளில் முடிவு தெரிய வேண்டும், நேரில் இடம் பார்க்க வேண்டும் என்று அதிகாரி முடிவு செய்தால் 30 நாள் வரை போகலாம். 2025 நவம்பர் 1 முதல், பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு விற்பதால் வரும் வரி மாதம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் என்று உறுதி தருபவர்களுக்கு 3 வேலை நாளில் தரும் எளிய வழியும் வந்திருக்கிறது. உங்களைப் போல வீட்டிலிருந்து தொடங்குபவர்களுக்கு அது பொருந்தும்.

விண்ணப்பம் நிற்கும் இடம் ஒன்றுதான், முகவரி ஆதாரம். வீட்டு முகவரியிலேயே தொழில் பதிவு செய்யலாம், தனிக் கடை வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் கரண்ட் பில் மாமனார் பெயரில் இருக்கும். இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டுப் போனவர் பெயரிலேயே இன்னும் இருக்கும். மாமனார் பெயர் என்றால் அவர் ஒரு வெள்ளைத் தாளில், இந்த வீட்டில் தொழில் செய்துகொள்ள இன்னாருக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை, கரண்ட் பில் அல்லது வீட்டு வரி ரசீது, இது போதும். பழைய உரிமையாளர் பெயரில் கரண்ட் பில் இருந்தால் அதை வைக்காதீர்கள், சொத்து வரி ரசீதை வையுங்கள். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தமும், வீட்டுக்காரர் பெயரில் உள்ள வரி ரசீது அல்லது கரண்ட் பில்லும். கதவு எண் விஷயத்தில் பழைய எண், புதிய எண் குழப்பம் வரும். முகவரிக்குக் காட்டும் ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் விண்ணப்பத்தில் அடியுங்கள். பான் அட்டையில் இனிஷியல் விரிந்து இருந்து ஆதாரில் சுருங்கி இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

இதற்கு மேல் ஆவணம் கேட்கக் கூடாது என்று 2025 ஏப்ரலில் மத்திய மறைமுக வரி வாரியம் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு அதிகாரியும் ஒவ்வொரு விதம், சிலர் கேட்பார்கள். எதைக் கேட்டாலும் தளத்தில் நோட்டீஸாக வரும், 7 வேலை நாளுக்குள் அங்கேயே பதில் போட வேண்டும். பதில் போடாமல் விட்டதால்தான் அதிக விண்ணப்பங்கள் தள்ளுபடி ஆகின்றன. மெயிலைத் தினமும் பாருங்கள். நம்பர் கிடைத்ததும் 30 நாளுக்குள், அல்லது முதல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டன்) போடுவதற்குள், எது முந்தியோ அதற்குள் வங்கிக் கணக்கு விவரத்தைச் சேர்க்க வேண்டும். மறந்தால் பதிவைச் சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள். கையில் ஏற்கெனவே வரி கட்டி வாங்கிய ஸ்டாக் இருந்து, ரெகுலர் பதிவு என்றால், 30 நாளுக்குள் ஐடிசி-01 என்ற படிவம் போட்டு அந்த வரியையும் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம்; ஒரு வருடத்துக்கு உட்பட்ட பில்லாக இருக்க வேண்டும்.

செலவு என்று கேட்டீர்கள். பதிவு இலவசம், நீங்களே செய்துகொள்ளலாம். எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்தால் எங்கள் கூலி, அது ஊருக்கு ஊர் ஆளுக்கு ஆள் மாறும். உண்மையான செலவு அதற்கப்புறம்தான். நம்பர் இருக்கும்வரை ரிட்டன் போட வேண்டும், விற்பனை பூஜ்யம் என்றாலும் போட வேண்டும். விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-1 (காலாண்டு முடிந்து 13-ஆம் தேதி), வரி கட்டும் ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-3பி ஒன்று (தமிழ்நாட்டுக்கு 22-ஆம் தேதி). இடைப்பட்ட இரண்டு மாதங்களுக்கு வரி இருந்தால் அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் சலான் கட்ட வேண்டும். பூஜ்ய ரிட்டனை எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம். அதையும் விட்டுவிட்டால் 3பி-க்கு நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டனுக்கு 500 வரை தாமதக் கட்டணம். வரி உள்ள ரிட்டன் என்றால் நாளுக்கு 50, உங்கள் அளவு வியாபாரத்துக்கு 2,000 வரை, வரிக்கு 18 சதவீத வட்டி தனி. காலாண்டு ரிட்டன் தொடர்ந்து இரண்டு தவறினால் துறையே பதிவை ரத்து செய்ய நடவடிக்கை எடுக்கலாம். தீபாவளிச் சமயத்தில் சரக்கு எடுப்பதற்காக நம்பர் வாங்கி, பொங்கலுக்குள் வியாபாரம் விட்டுப்போய், நம்பரை மட்டும் மறந்துவிட்டு, வருடம் கழித்து நோட்டீஸோடு வருபவர்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். வியாபாரத்தை நிறுத்தினால் ரத்து விண்ணப்பம் கொடுங்கள். ரெகுலர் பதிவு என்றால் ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டனையும் போட்டுவிடுங்கள்.

அக்கா கணவரின் நம்பர் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான். அவர் நம்பரில் பில் போட்டால் சட்டப்படி சரக்கு அவருடையது. சூரத்காரர் ரிட்டன் போட்டதும் அவர் கணக்கில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற கொள்முதல் பட்டியலில் அந்தக் கொள்முதல் வந்து உட்காரும். அவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், கொள்முதலில் சேலை வருகிறது, விற்பனையில் சேலையே இல்லை என்றால் கேள்வி அவருக்குத்தான் வரும். நீங்கள் அவர் நம்பரைப் போட்டு வாடிக்கையாளருக்கு பில் கொடுத்தால் அது தனிக் குற்றம். அடுத்தவர் பதிவெண்ணில் பில் போடுவதற்கு 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, எது அதிகமோ அது அபராதம். நேர்வழி ஒன்று இருக்கிறது: அவர் தன் பதிவில் ஜவுளியையும் சேர்த்துக்கொண்டு, தன் பெயரில் வாங்கி, உங்களுக்கு முறையாக வரியோடு பில் போட்டு விற்கட்டும். அவர் கொள்முதலும் விற்பனையும் பொருந்திவிடும், உங்களிடமும் பில் இருக்கும். இரண்டு மூன்று லோடு ஓடும்வரை சந்தையைப் பார்க்க இது போதும்.

வருமான வரி பயம் பற்றி: ஜிஎஸ்டி நம்பர் வாங்கியதால் வருமான வரி முளைக்காது. லாபம் வந்தால் நம்பர் இல்லாவிட்டாலும் அது வருமானம்தான். வித்தியாசம் என்னவென்றால், ஜிஎஸ்டியில் நீங்கள் காட்டும் விற்றுமுதல் வருமான வரித் தளத்தில் உங்கள் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியும். ஆகவே இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். சிறு வியாபாரிகள் கணக்குப் புத்தகம் எழுதாமல், வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையும் இருக்கிறது. ஜிபேயில் வாங்கும் பணத்தை வீட்டுச் செலவுக் கணக்கோடு கலக்காமல், வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்றை இப்போதே திறந்துவிடுங்கள். பின்னால் எந்தக் கேள்வி வந்தாலும் அதுதான் காப்பாற்றும்.

இன்னும் சில எண்கள் உங்கள் காதில் விழும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், கடன் வாங்க உதவும், ஆனால் அது வரி நம்பர் இல்லை. மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில் வரியும் வேறு. அந்த ரசீதைக் காட்டி ஜிஎஸ்டி பில் கேட்க முடியாது. “எல்லா பதிவும் சேர்த்து பேக்கேஜ்” என்று போன் செய்பவர்களிடம் அவசரப்பட்டு ஓடிபி சொல்லாதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு என் யோசனை: உங்களிடம் ஆர்டர் கேட்டிருப்பவர்களின் முகவரிகளை எடுத்துப் பாருங்கள். ஒன்றாவது வெளிமாநிலம் என்றால், அல்லது அப்படி வந்தால் மறுக்க மனமில்லை என்றால், ரெகுலர் பதிவு எடுத்துக் காலாண்டுத் திட்டத்தில் போங்கள். எல்லாம் தமிழ்நாடு, சூரத்காரரைத்தான் பிடித்திருக்கிறது என்றால் காம்போசிஷன். எல்லாம் தமிழ்நாடு, யாரிடம் வாங்கினாலும் சரி என்றால், நம்பரை விட்டுவிட்டு பில்லோடு கொடுக்கும் பக்கத்து ஊர் மொத்தக் கடையில் ஆரம்பித்து, விற்பனை எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்த வழியில் போனாலும் சூரத்துக்கு அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் அவருடைய நம்பரை நீங்கள் கேளுங்கள். 15 இலக்கம், குஜராத் என்றால் 24-இல் தொடங்கும் (நம்முடையது 33), அடுத்த பத்தும் அவருடைய பான். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் செய்யாமலே தேடலாம்: சட்டப்படியான பெயர், பதிவு ஆக்டிவா, கடைசியாக எப்போது ரிட்டன் போட்டார் என்பதெல்லாம் அங்கே வரும். அவர் அனுப்பிய வங்கிக் கணக்கின் பெயர் அதோடு பொருந்தவில்லை என்றாலோ, பல மாதமாக ரிட்டன் இல்லை என்றாலோ பணம் அனுப்பாதீர்கள். ரெகுலர் பதிவில் அவர் ரிட்டன் போட்டு உங்கள் 2பியில் வந்தால்தான் உங்களுக்கு அந்த 30 ரூபாய் கிரெடிட் கிடைக்கும்.